மேல்பழம்

"அந்தக் கருத்த பழத்தை மட்டும் நடுவர் கண்ணுல படுற மாதிரி முன்னாடி வச்சிருங்க சார், இந்தச் சோதனைக்கு அதுதான் உயிரே" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் டீச்சர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட, சுருளிவேல் சரி சரி என்று தலையாட்டினான், ஆட்டிய தலை நின்ற பிறகுதான் சொன்ன வார்த்தை உள்ளே இறங்கியது. கருத்த பழம். எந்தக் கருத்த பழம். விடிந்தும் விடியாமலும் தன் வாழை மண்டி வாசலில் நின்று தட்டைச் சாய்த்துக் குப்பைக் கூடைக்குள் தள்ளினானே, அதுவா. மேசையில் மூன்று எவர்சில்வர் தட்டு, மூன்றையும் சேர்த்து மூடி ஒரு வெள்ளைத் துணி. அறிவியல் கண்காட்சிக்கு மேசை போட்டிருந்த பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூடத்தின் விசிறிக் காற்று பட்டு அந்தத் துணி லேசாகப் பொங்குவதும் அமர்வதுமாக இருந்தது, அடியில் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி. அடியில் என்ன இருக்கிறதென்று இந்தக் கூடத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் கையால் பொறுக்கியெடுத்த பூவன், ஒன்றைப் போல ஒன்று, ஒரு புள்ளி கிடையாது, ஒரு கீறல் கிடையாது, தோள் துண்டை நனைத்துத் துடைத்துத் துடைத்து மூன்று தட்டிலும் மும்மூன்றாக அடுக்கியது, எந்தச் சந்தையில் வைத்தாலும் விலை கேட்காமல் ஒருத்தனும் தாண்டிப் போக மாட்டான். துணியைத் தூக்கினால் என் மகள் செத்தாள் என்று நினைத்தான், நினைத்த மாத்திரத்தில் சீ, இது என்ன வாய் என்று தன்னையே வைதுகொண்டான், வைதும் அந்த நினைப்பு போகவில்லை, துணியோடு சேர்ந்து அதுவும் பொங்கியது, அமர்ந்தது.

கெட்டது நினைத்தா செய்தான். இன்பரசி பத்தாவது படிக்கிற பிள்ளை, சிறப்பு விருந்தினருக்குச் சந்தனக் கிண்ணம் ஏந்த வேண்டுமென்று இருட்டோடு குளித்துப் பள்ளிக்கு ஓடியவள், ஓடுகிற அவசரத்தில், "அப்பா, தட்டை உங்க வண்டியில கொண்டாந்து என் மேசையில வச்சிருங்க, ஆட்டாம கொண்டாங்க, துணியை எடுக்காதீங்க, ஈ மொய்க்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எடுக்காதே என்றால் எடுக்காமல் இருக்கிற ஆளா அவன். மூடி வைத்த சரக்கை மூடியபடியே நம்பின காலம் அவனுக்கு மீசை முளைப்பதற்கு முன்னாலேயே முடிந்துபோனது. டாடா ஏஸை மண்டி வாசலில் நிறுத்தித் துணியைத் தூக்கிப் பார்த்தவனுக்கு வயிறு எரிந்தது. ஒரு தட்டில் மூன்று பழமும் கன்னங்கரேலென்று, தோல் சுருங்கி, தொட்டால் விரல் உள்ளே போகிற பதத்தில், நடுவில் ஒரு வாடின ஆப்பிள். இன்னொரு தட்டில் செய்தித்தாளுக்குள் புள்ளி விழுந்த பழம். மூன்றாவதில் நுனிப் பச்சை மாறாத செங்காய். சின்னமனூரில் பாதி வீட்டுக் கல்யாணத்துக்கு இவன் மண்டிப் பழம்தான் தாம்பூலத் தட்டில் ஏறுகிறது, இவன் மகள் ஊர் கூடுகிற இடத்தில் அழுகலும் காயுமாகப் பரப்பிக்கொண்டு நிற்பதா. பிள்ளை படிப்பு மும்முரத்தில் மறந்திருக்கும், வீட்டிலிருக்கிற செல்வராணிக்குக் கண் எங்கே போனது, இத்தனை வருஷம் வாழைப்பழ யாவாரியோடு குடும்பம் நடத்தி என்ன தெரிந்துகொண்டாள் என்று பெண்டாட்டியை மனசுக்குள் ஒரு பிடி பிடித்துவிட்டு, எல்லாவற்றையும் சாய்த்தான், காயைப் பழுக்க வைக்கிற கேஸ் ரூமில் இருந்து நேற்று எடுத்த பழத்தை அடுக்கினான். செய்தித்தாளைக் கூடப் புதிதாக மாற்றினான். ஆப்பிளும் புதிது. கூடையில் மேலே வைக்கிற பழத்துக்கு மண்டியில் மேல்பழம் என்று பேர், வாங்க வருகிறவன் கண் முதலில் விழுகிற பழம், அதைப் பார்த்து வைக்கத் தெரியாதவன் நாளைக்கு மண்டி வைக்க முடியாது. கை தன் பாட்டுக்கு அந்த வேலையைச் செய்தது. செய்கிறபோது விசில் கூட அடித்தான். அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாய் நின்றது, அந்த விசில்.

அவள் சொல்லாமலா இருந்தாள். சொன்னாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள், இவன்தான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டு பாதிக் காதில் கேட்டான். ஒரே தாரில் ஒரே சீப்பாக வேண்டும் என்று கேட்டு வந்த அன்றைக்கு, "எதுக்குத்தா, மூணு தாரு கெடக்கு, தாருக்கொண்ணா ஒடிச்சுக்க" என்றான். "வேற வேற தாருன்னா அதோட வயசே வேற வேறயா இருக்கும்ப்பா. அப்புறம் எதனால சீக்கிரம் பழுத்துச்சுன்னு எப்படிச் சொல்றது. ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தணும், மத்ததெல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும்." ஒன்றை ஆப்பிளோடு கட்டி வைப்பாளாம், ஒன்றைக் காகிதத்தில் மட்டும் சுற்றி வைப்பாளாம், ஒன்றைச் சும்மா திறந்து வைப்பாளாம், ஆனால் மூன்றும் ஒரே அலமாரி, ஒரே தட்டு, ஒரே வெளிச்சம். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "பழம் பழுக்குறதுக்கு ஒரு பரீட்சையா? எங்கிட்டக் கேளு, ஒரு நிமிசத்துல சொல்லிட்டுப் போறேன், பழுத்த பழத்தோட வச்சா காய் பழுக்கும், எங்க தாத்தன் காலத்துலேயே தெரியும்." அவள் முகம் மாறவில்லை. "நீங்க சொன்னா அது நீங்க சொன்னதுப்பா. நான் பார்க்கணும்ல." செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது, ஆனால் சோற்றைப் பிசைந்தபடியே அந்த வார்த்தையை ஒருமுறை உருட்டிப் பார்த்தான், இந்த வார்த்தையை நான் இவள் வயசில் ஒருத்தனிடம் சொல்லியிருந்தால் என்று. தப்பா வந்தாலும் வந்தபடிதான் காட்டணும்னு டீச்சர் சொன்னாங்க, கருத்தா கருத்ததைக் காட்டணும், மாறலேன்னா மாறாததைக் காட்டணும் என்றும் சொன்னாள். சொன்னாள்தான். கருத்தா கருத்ததைக் காட்டணும். காது கேட்டது, கைக்கு யார் சொல்வது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், வினையை அவனே விலை பேசி வாங்கினான். வெளியே ஒலிபெருக்கியில் விருந்தினர் அறிவியல் மனப்பான்மை என்று முழங்கிக்கொண்டிருந்தார், அவர் முடிக்கிறவரைக்கும் பிள்ளைகள் உள்ளே வர முடியாது, அவர் முடிக்காமல் இருக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் பேசட்டும் என்று வேண்டிக்கொண்டே அவன் அந்த ராத்திரிச் சாப்பாட்டை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் வேண்டும் என்றாள். காமர்ஸ் எடு, மண்டியில் உட்கார ஆள் வேண்டும், எனக்கு என்ன ஆம்பளைப் பிள்ளையா இருக்கு என்றான். அவள் அழுதிருந்தால் கத்தித் தீர்த்திருப்பான், அவள் அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டுத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போர்த்திக்கொண்டு, "வா, பேசி முடிச்சுக்குவோம்" என்று நீட்டினான். மண்டியில் பெரிய சரக்குக்கு அப்படித்தான், நாலு பேர் நிற்கிற இடத்தில் விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கு அடியில் ஒருத்தன் விரலை ஒருத்தன் பிடிப்பது, பிடி கொடுத்தால் சம்மதம், உதறினால் இல்லை. அவளும் சின்னப் பிள்ளையில் அவன் மடியில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டு விளையாடினவள். அவள் கை உள்ளே வந்தது. "மாவட்டக் கண்காட்சிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தாங்கன்னா சயின்ஸ் குரூப்பு. இல்லேன்னா வாயத் திறக்காம காமர்ஸ். சம்மதமா?" அவள் அவன் விரலை அழுத்தினாள். அப்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. பள்ளிக்கூடத்தில் இருக்கிற அத்தனை பேரில் இரண்டே பேரைத்தான் எடுப்பார்கள், வாழைப்பழத்தைத் தட்டில் வைத்ததற்கு எவன் எடுக்கப் போகிறான், ஜெயிக்கிற பேரம் என்று. எந்தப் பேரத்திலும் அவன் தோற்றதில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அவள் விடியலில் எழுந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதையும், தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பதையும், செல்வராணி தவறிப்போய்த் தட்டை நகர்த்தியதற்கு அம்மாக்காரியை ஒரு நாள் முழுக்கப் பேசாமல் தண்டித்ததையும் பார்க்கப் பார்க்க, தோற்றால்தான் என்ன என்று ஒரு நினைப்பு ஊறத் தொடங்கியிருந்தது. தோற்கத் தயாராகிக்கொண்டிருந்த பேரத்தைத்தான் காலையில் விசிலடித்துக்கொண்டே ஜெயித்து வைத்திருக்கிறான்.

ஒரு மூலைக்குப் போய் மண்டிக்குப் போன் போட்டான். வேலையாள் ஒச்சப்பன் எடுத்தான். "டேய், காலையில நான் கூடையில கொட்டுனேன்ல, கருத்த பழம், பேப்பர்ல சுத்துனது, அதெல்லாம் எங்கடா?" "எதுண்ணே?" "பாப்பா தட்டுல இருந்ததுடா, வெளங்காதவனே!" "அதுவாண்ணே, அப்பவே ராசு வீட்டு மாடு வந்து தின்னுருச்சுண்ணே. வெரட்டலாம்னு பார்த்தேன், நல்லா ருசிச்சுத் திங்குதேன்னு விட்டுட்டேன்." "காயிகூடவா?" "காயித்தான் மொதல்ல தின்னுச்சு." அவனுக்கு அந்த மாட்டை அடிப்பதா ஒச்சப்பனை அடிப்பதா என்று கை பரபரத்தது, அடிக்க வேண்டியவன் போனைப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்கிறான் என்பதும் தெரிந்தது. மறுமுனையில் ஒச்சப்பன் ஒரு நொடி யோசித்துவிட்டு, "என்னண்ணே, கருத்த பழந்தான வேணும்? நம்ம கிட்டக் கூடை கூடையா கெடக்கே, பக்கத்துலதான பள்ளிக்கூடம், ஒண்ணு கருப்பு, ஒண்ணு பழம், ஒண்ணு காயின்னு பொறுக்கிப் பையில போட்டு அடுத்த நிமிசம் கொண்டாரேன்" என்றான். "வேணாம்டா." "ஏண்ணே?" "அது வேற தாருடா!" என்று இவன் கத்தியதில் பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அதனால என்னண்ணே, பழம் பழந்தானே, எவன் கண்டான்?" என்றான் ஒச்சப்பன். எவன் கண்டான். இருபது வருஷமாக இவன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. போனை வைத்துவிட்டான்.

வைத்த பிறகு பதறியது. ஏன் வேண்டாமென்றான். எந்த மகாத்மா வந்து அவன் வாயில் உட்கார்ந்தான். ஒச்சப்பன் சொன்னதில் என்ன தப்பு, அவன் வந்திருந்தால் இந்நேரம் தட்டில் கருப்பு இருக்கும், காய் இருக்கும், பிள்ளைக்குத் தெரியக்கூடத் தெரியாது. இல்லை, அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு பழத்தின் மச்சம் வரைக்கும் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், சமாளித்துக்கொள்வாள். மறுபடி போன் போடலாமா. விரல் போனுக்குப் போனது, நின்றது. அது வேற தாரு என்று அவன் வாயிலிருந்து வந்ததே, அதை இப்போது அவன்தான் வேறு யாரோ சொன்னதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான். முதன்முதலில் சொந்தமாகச் சரக்கு எடுத்தபோது அவனுக்கு இன்பரசி வயசு. கம்பத்துப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர், மாப்ளே மாப்ளே என்று தோளில் கை போட்டுப் பேசினவர், மேலே நல்ல தாராக அடுக்கி அடியில் பனி அடித்துக் கன்றிப்போன காயாக ஏற்றி அனுப்பினார். இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தபோது அழுகை வந்தது, அழுதுகொண்டே திரும்பப் போய்க் கேட்டால், "பார்த்து வாங்கணும்ப்பா, கண்ணு எதுக்கு இருக்கு?" என்று வெற்றிலையைத் துப்பினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒரே நாளில் பழுத்தான் அவன். காயாக இறக்கி, அறையில் அடைத்து, கேஸைத் திறந்துவிட்டால் தோல் மஞ்சளாகிவிடும், ஆனால் காம்பு பச்சையாகவே நிற்கும், தெரிந்தவன் காம்பைப் பார்த்துச் சொல்லிவிடுவான் இது மரத்தில் பழுத்ததில்லை என்று. இவன் கோபம், இவன் வாய், யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று உடனே பற்றிக்கொள்கிற இவன் ரத்தம், எல்லாம் அந்தப் பச்சைக் காம்பு. என் பிள்ளை மரத்திலேயே பழுக்கட்டும் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வருவதெல்லாம் விலைதான்.

"அண்ணே, உங்களுது எங்க வாங்குனீங்க?" என்றாள் பக்கத்து மேசைப் பெண். அவள் மகளின் மேசையில் எரிமலை, களிமண்ணுக்குச் சிவப்பு அடித்து உள்ளே சோடா மாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைக்கிறது. அதற்கு அடுத்த மேசையில் ஊசி போடும் குழாயில் தண்ணீர் அடைத்து இயங்குகிற ஜேசிபி. எதிர் வரிசையில் இரண்டு சூரியக் குடும்பம், தெர்மாகோல் உருண்டை. எல்லாம் தேனியில் ஒரே கடையில் கிடைக்கிறது, பிளாஸ்டிக் உறை கூட இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வாங்கல. பிள்ளையே செஞ்சது" என்றான். "அப்படியா! நாங்க நேத்து சாயங்காலம் போனோம்ணே, எரிமலைதான் மிச்சம் இருந்துச்சு, பேரம் பேசவே விட மாட்டேங்கிறான்." "எரிமலை என்ன சோதனை அது, ஊத்துனா பொங்கும், அதுல என்ன கேள்வி இருக்கு?" என்று வெடுக்கென்று கேட்டான். அவள் திகைத்துப்போய், "எனக்கென்ன தெரியும்ணே, பார்க்க நல்லாருக்குல்ல" என்றாள். பார்க்க நல்லாருக்கு. அவன் வெள்ளைத் துணியைப் பார்த்தான். அவனுடையதும் இப்போது பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. இந்தக் கூடத்திலேயே ஒரு மேசையில்தான் கேள்வி இருந்தது, அதைத்தான் மாடு தின்றுவிட்டது.

கைதட்டல் கேட்டது. முடித்துவிட்டார். பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வர, இன்பரசி பட்டுப் பாவாடையும் கையில் சந்தன வாசமுமாக ஓடி வந்தாள், மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. "ஆட்டாம கொண்டு வந்தீங்களாப்பா?" அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான், பாப்பா, இங்க பாரு, ஒரு விஷயம், என்று மூன்று விதமாக மனசுக்குள் ஆரம்பித்துப் பார்த்தான். அவள் துணியின் ஓரத்தைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றது. முதல் தட்டைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்த்தாள், மறுபடி முதல் தட்டுக்கு வந்தாள், ஒரு பழத்தின் காம்பை விரலால் தொட்டாள். யாவாரி மகள், காம்புதான் முதலில் பார்ப்பாள். அப்புறம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபப்படு, கத்து, அப்பா என்ன காரியம் செஞ்சீங்கன்னு நாலு பேர் கேட்கக் கேள், நான் தலை குனிந்து நிற்கிறேன் என்று அவன் அவளை உள்ளுக்குள் கெஞ்சினான். "அழுகலா இருந்துச்சுத்தா... நான் என்ன நெனச்சேன்னா..." என்று ஏதோ உளறினான். அவள் கண்ணில் நீர் கோத்தது, வழியவில்லை, கோத்தது கோத்தபடி உள்ளே போனதை அவன் பார்த்தான். அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. அது அவனுக்குத் தெரிந்த முகம். சரக்கு கெட்டுவிட்டது, ஆள் வந்துவிட்டான், இனி என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுகிறவனின் முகம். அவன் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

நடுவர் வந்துவிட்டார். சஃபாரி உடை, நெற்றியில் திருநீறு, கூட அமலோற்பவம் டீச்சர். இன்பரசி துணியை ஒரே இழுப்பில் உருவினாள். டீச்சரின் கண் முதல் தட்டில் கருப்பைத் தேடியது, காணாமல் ஒவ்வொரு தட்டாகப் போனது, இன்பரசியைப் பார்த்தது, டீச்சர் வாயைத் திறந்தார், பிறகு பக்கத்தில் நிற்கும் நடுவரைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு புன்னகையாக்கிக்கொண்டார். "பலே, அடுக்கே கண்ணைப் பறிக்குதே. என்னம்மா உன் சோதனை?" என்றார் நடுவர். அவள் சொன்னாள். கேள்வியைச் சொன்னாள், ஒன்றை மட்டும் மாற்றியதைச் சொன்னாள், மற்றதை மாற்றாமல் காத்ததைச் சொன்னாள், அதுவரைக்கும் சொன்னதெல்லாம் சத்தியம். "ஒரே சீப்புதானா?" "ஒரே சீப்பு சார்." அங்கே பேச்சு பொய்க்குத் திரும்பியது. "மூணு தட்டுலயும் பழம் ஒரே மாதிரி இருக்கே?" "இன்னைக்கு அப்படித்தான் சார் இருக்கும். ஆப்பிளோட வச்சது முதல்லயே பழுத்துருச்சு, பேப்பர்ல சுத்துனது அதுக்கப்புறம், திறந்து வச்சது நேத்துத்தான் பழுத்துச்சு. முடிவு ஒண்ணுதான் சார், வேகம்தான் வேற." குரல் நடுங்கவில்லை. ஏற்ற இறக்கம் கூட அவனுடையது, தார் கன்றியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டவனிடம் அது தோட்டத்து மச்சம்ங்க என்று சொல்கிறபோது அவனுக்கு வருகிற அதே இழுப்பு. நடுவர் புருவத்தைச் சுருக்கினார். "அப்படின்னா முதல்ல பழுத்தது இந்நேரம் கருத்துப் போயிருக்கணுமே?"

ஆஹா, பிடித்துவிட்டான் ஐயா. இத்தனை நேரம் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வியர்த்துக்கொண்டிருந்தவன் அந்தக் கணத்தில் தலைகீழாக, விடாதே, இன்னும் ஒரு கேள்வி கேள், காம்பைப் பார், பச்சையாக நிற்கிறதே தெரியவில்லையா, கண்ணு எதுக்கு இருக்கு என்று நடுவரை உள்ளுக்குள் பிடித்து உலுக்கினான். மாட்டிக்கொள்ளட்டும். இப்போதே மாட்டிக்கொள்ளட்டும். சயின்ஸ் குரூப் என்ன, எந்தக் குரூப்பும் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும், இந்தப் பொய் மட்டும் விலை போகாமல் திரும்பட்டும். "பழுத்ததும் ஆப்பிளை எடுத்துட்டு, குளுந்த இடத்துல மாத்தி வச்சுட்டேன் சார், இந்த ஆப்பிள் இன்னைக்குக் காட்டுறதுக்கு வச்சது. எங்கப்பா வாழை மண்டி வச்சிருக்காரு, அவர்தான் எப்படிக் காப்பாத்தணும்னு சொல்லிக்குடுத்தாரு" என்றாள் இன்பரசி, சொல்லிவிட்டுத் திரும்பி, "இல்லப்பா?" என்றாள். இடத்தை மாற்றினால் அது எந்தச் சோதனை, மற்றதெல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணுமே, அது இந்த சஃபாரிக்குத் தெரியவில்லையா, டீச்சருக்குத் தெரியவில்லையா, பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்ட எனக்குத் தெரிகிறதே. நடுவர் அவனைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். மகள் அவனைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, இதில் நீயும் கூட்டு என்கிற தீர்மானம் மட்டும் இருந்தது. இல்லைங்க சார், நான்தான் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். "ஆமாங்க" என்றான்.

"அதானே பார்த்தேன், மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையா!" நடுவர் சிரித்து ஒரு பழத்தை எடுத்தார், காம்பைப் பிடித்துத் திருகினார், அது பழுத்த காம்பு மாதிரி கழலாமல் நார் நாராகக் கிழிந்தது, அதைப் பார்க்காமலே உரித்துக் கடித்தார். "நல்ல பழம்" என்றார். போகிறபோது டீச்சர் காதில் ஏதோ சொன்னார், டீச்சர் திரும்பி வந்து மேசை ஓரத்தில் ஒரு பச்சை நாடாவைக் குண்டூசியால் குத்தினார், யார் முகத்தையும் பார்க்காமல் "வாழ்த்துகள் இன்பரசி, மாவட்டத்துக்கு நீயும் ஒருத்தி" என்று சொல்லிவிட்டு விரைந்து போனார். எரிமலைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "அப்பவே தெரியும்ணே, பார்க்கவே எம்புட்டு நல்லாருக்கு!" என்றாள்.

அவன் மகள் பக்கம் குனிந்தான். "பாப்பா" என்றான், "பேரம் கீரம் ஒண்ணும் வேணாம்த்தா, நீ எந்தக் குரூப்பு வேணா எடுத்துக்க." அதைச் சொல்லத்தான் இத்தனை நாளும் வாய் வரவில்லை, இப்போது வந்தது, வந்து என்ன. "பேரம் முடிஞ்சுதுல்லப்பா, நான் ஜெயிச்சுட்டேன்ல" என்றாள் அவள், சாதாரணமாகச் சொன்னாள். வெள்ளைத் துணியை உதறி மூன்று தட்டின் மேலும் மறுபடி விரித்தாள், சுருக்கத்தை நீவிவிட்டாள், பக்கத்து மேசைப் பெண்ணின் காது இந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். துணிக்கு அடியில் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். சந்தனம் காய்ந்த சின்னக் கை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றி, சொல்கிற பழத்துக்கு ஒரு விரலாக அழுத்தினாள். "மாவட்டத்துக்கு ஒண்ணு நல்லாக் கருத்தது, ஒண்ணு புள்ளி விழுந்தது, ஒண்ணு செங்காய். அன்னைக்குக் காலையில பொறுக்கித் தாங்கப்பா. அலமாரியில வச்சுக் காத்துக்கிட்டு இருக்க வேணாம். ஒரே தாரா இருக்கணும்னும் இல்ல." முதலில் சொன்ன விலைக்கு அவன் என்றைக்கும் பிடி கொடுத்ததில்லை, உதறிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவான். உதற வேண்டும் என்று கைக்குச் சொன்னான். விசிறிக் காற்றில் துணி பொங்கி அமர்ந்தது, அடியில் அவன் விரல்கள் மகளின் விரல்களை மெல்ல அழுத்தின.